கை நனைக்காத சம்பந்தி

பூபதிராஜ் அண்ணனின் முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேசியபோது கார் கிணத்துக்கடவைத் தாண்டியிருந்தது.

"வணக்கம். தங்கள் குழாய்ச்சுவரில் துப்புரவுப் பணி இனிதே நடைபெறுகிறது."

"டாக்டரே, இந்தச் சனியன் வாயை அடைக்க வழியே இல்லீங்களா?"

"இல்லீங்ணா. ஊசி போட்டவரு எங்கயாச்சும் மயங்கி விழுந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியோணும்னு சத்தத்தை அணைக்க முடியாதபடி செஞ்சிருக்காங்க."

"நான் மயங்கி விழுந்தாப் பரவால்லீங்க. சம்பந்தி ஊட்டுல இது வாயைத் தொறந்துச்சுன்னா அங்கயே செத்துருவன்."

எதிர் இருக்கையில் இருந்த அவர் மனைவி சசிரேகா ஒரு கம்பளி மப்ளரை எடுத்து அவர் மேற்கையில் அந்தக் குரல் வந்த பட்டையின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். சித்திரை வெயில். அண்ணன் வியர்த்துக்கொண்டே வெளியே பார்த்தார். கார் ஓட்டுநர் இல்லாமல் தன்பாட்டுக்குப் பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

நான் அவருடைய டாக்டர் நௌஷாத். கணபதிப் பகுதியில் அவர் வீடும் என் வீடும் ஒரே தெரு. பம்பு செட்டுக்கு உடல் வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறார். அவர் இதயத்தின் பெரிய குழாயில் இரண்டு இடங்களில் அடைப்பு. அதற்காகத்தான் நான் அந்த ஊசியைப் போட்டேன். அதைப் பற்றி முதல் நாள் அவருக்கு விளக்கியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நம் ரத்தக்குழாய்களின் உட்புறத்தில் ஒரு பூச்சு இருக்கிறது. ஒரே ஒரு செல் தடிமன்தான். ரத்தம் அதன்மேல் உரசிக்கொண்டு ஓடுகிறது. குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், எது சுவருக்குள் நுழையலாம், எது கூடாது என்பதையெல்லாம் அந்த மெல்லிய பூச்சுதான் தீர்மானிக்கிறது. இத்தனை வேலை செய்யும் செல்லுக்குள் பழுதான பாகங்கள் சேரும். நல்ல செல் அவற்றைப் பை போலச் சுற்றிக் கட்டி, உள்ளேயே இருக்கும் அமிலத் தொட்டியில் கொட்டிக் கரைத்து, கரைந்ததை எடுத்துப் புதிய பாகம் செய்துகொள்ளும்.

"நம்ம பவுண்டரியாட்ட," என்றார் அண்ணன் உடனே. "தப்பா வந்த காஸ்டிங்கை மறுபடியும் பர்னஸ்ல போட்டு உருக்கறது."

"அதேதானுங்ணா! சரி, நீங்க எப்ப ஸ்கிராப்பைத் தொடுவீங்க?"

"புது இரும்பு லோடு லோடா வந்து எறங்குனா ஸ்கிராப்பை எவன் தொடுவான்? மூலையில கெடக்கும். லோடு வரலீன்னாத்தான் அதைத் தேடுவம்."

"செல்லும் அப்படித்தான். நீங்க சாப்பிட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் புது லோடு வந்துக்கிட்டே இருக்கும். குப்பையைத் தொடாது. வயித்தைக் காயப்போட்டாத்தான் சுத்தம் பண்ணும். வயசாக வயசாக அந்தப் பழக்கமே செல்லுக்கு மறந்துபோகும். இந்த ஊசி அதை ஞாபகப்படுத்தும். ஒரு மண்டலம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரே வேளைச் சாப்பாடு. மத்த நேரம் தண்ணி மட்டும்."

"நடுவுல ஒரு வடை?"

"உருக்கிக்கிட்டு இருக்கறப்ப கரண்டு போனா பர்னஸ் என்ன ஆகும்?"

அவர் முகம் மாறியது. "உள்ளயே உறைஞ்சு போகுமுங்க. உடைச்சுத்தான் எடுக்கோணும்."

"ஊசி ஏறுன செல்லும் அப்படித்தான். பாதி கட்டுன பையோட நின்னுபோகும். ஊசி வீண். அடுத்ததுக்கு உடம்பு ரெண்டு வருசம் ஒத்துக்காது."

அந்த இரண்டு வருடத்தை அவருடைய குழாய் தாங்குமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அதற்குப் பதிலாக அவர் கேட்டது, "அப்ப நாலு நாள் சேர்த்துப் பட்டினி கெடந்தா சீக்கிரம் முடிஞ்சிருமுங்களா?"

"ஸ்கிராப் தீர்ந்தப்பறம் பர்னஸ் கூரைத் தூணைப் புடுங்கிப் போட்டுக்கும். வேண்டாமுங்க."

மருந்து இவ்வளவுதான். மனிதர்கள்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் சாப்பிட்டால் உறவு. சாப்பிடாமல் எழுந்தால் பகை. ஊசி வந்த முதல் வருடம் ஊரில் குடும்பங்கள் படாத பாடு பட்டன. தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பாயசத்தைத் தொடாத ஒருவரிடம் அந்தத் தங்கை இன்னும் பேசுவதில்லை. "டாக்டர் சொன்னாரு" என்பதை யாரும் நம்பவில்லை. வேண்டாதவர் வீட்டில் சாப்பிடாமல் நழுவ, டாக்டர் பெயரைத்தானே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம்?

இந்த நிலையில்தான் பூபதிராஜ் அண்ணனுடைய ஒரே மகள் மகிழினிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். வீடும் மனிதர்களும் பிடித்திருந்தால் பெண் வீட்டார் அங்கே கை நனைக்க வேண்டும். அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுதான் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

"அப்பா, போனதும் உண்மையைச் சொல்லிரலாம்," என்றாள் மகிழினி. வாழப்போகும் வீட்டைத் தானே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்திருந்தாள். அதியன் என்ற அந்தப் பையனை ஏற்கெனவே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள் என்பது அவள் போனைப் பார்த்துச் சிரிப்பதிலேயே தெரிந்தது.

"நீ சும்மா இரு கண்ணு. அப்பனுக்கு நெஞ்சுல நோவுன்னா புள்ளைக்கும் வரும்னு நாயம் பேசுவாங்க."

"அப்படி எல்லாம் எப்பவும் வராது. அதோட காரணம் என்னன்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"டாக்டரே, நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்க."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?" என்றார் சசிரேகா. "காலையில ஒரு டம்ளர் காப்பிக்கு அழுதவரு நீங்க. டாக்டர், நெசமாலுமே கண்ணுல தண்ணி."

"அது வெங்காயம்."

"வெங்காயத்துக்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

"மோந்து பாத்தேன்," என்றார் அண்ணன்.

ஆனைமலை ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. வாசலிலேயே மாப்பிள்ளையின் அம்மா லோகநாயகி நின்றார். குரலில் ஒரு அதிகாரம். அவர் கணவர் தேவானந்த் பேசாமல் புன்னகை செய்வதற்கு அதுதான் காரணம் போலும்.

"வாங்கோ, வாங்கோ! வாங்கண்ணா! மொதல்ல மோர் குடிங்க."

"ஊடு பாக்கறதுக்கு முன்னாடி பச்சத்தண்ணி தொடறது எங்க வழக்கமில்லீங்க," என்றார் அண்ணன் கம்பீரமாக.

"அப்படி இருக்கோணும்! இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கறாங்க?" லோகநாயகி மகிழ்ந்துபோனார்.

முதல் கண்டம் தப்பியது. அண்ணன் வீடு பார்த்தார். நான் அப்படி ஒரு வீடு பார்த்தலைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு அறையிலும் நின்று கூரையைத் தட்டினார். மாடிப் படியின் அகலத்தைச் சாண் வைத்து அளந்தார். கிணற்று மோட்டாரைக் கழற்றிக் காட்டச் சொன்னார். மாட்டுக்கொட்டகையில் ஒவ்வொரு மாட்டையும் விசாரித்தார். இப்படியே இரவு எட்டு மணி வரை போய்விடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஆனால் தேவானந்த் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மச்சான், சாயங்காலம் அஷ்டமி பொறந்துருதுங்க. அதுக்கு முன்னாடி இலை போட்டரலாம்."

கூடத்தில் இரண்டு வரிசையாக இலை போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து உறவினர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒப்புட்டின்மேல், அதாவது இனிப்புப் போளியின்மேல், நெய் ஊற்றப்பட்டது. சந்தகைக்குத் தேங்காய்ப்பால், கொள்ளுப்பருப்பு, அரிசிம்பருப்பு சாதம், கச்சாயம். அதியனே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினான். மகிழினி பக்கம் வரும்போதெல்லாம் கரண்டி தடுமாறியது.

பெண்ணைப் பெற்றவர் முதலில் கை வைக்க வேண்டும். அதுவரை யாரும் தொட மாட்டார்கள். அண்ணன் இலையைப் பார்த்தார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"பொரியலுக்கு என்ன எண்ணெய்ங்க?" என்று கேட்டார்.

"நம்ம தோப்புத் தேங்காய் எண்ணெய்."

"செக்குலயா?"

"செக்குலதானுங்க."

"எந்த ஊர்ச் செக்கு?"

சசிரேகா பக்கவாட்டில் கிள்ளினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். லோகநாயகியின் கையில் இருந்த நெய்க்கிண்ணம் மெல்லத் தாழ்ந்தது.

"ஏனுங்கண்ணா, கொறை எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க." அந்த அதிகாரக் குரல் எங்கோ போயிருந்தது. "போன மாசமும் ஒரு கூட்டம் வந்துச்சு. வயிறு சரியில்லைன்னு எந்திரிச்சுப் போனாங்க. இலையெல்லாம் அப்படியே கெடந்துச்சு. என் பையன் அன்னிக்குப் பூராம் பேசவே இல்லீங்க."

அதியன் வாளியோடு நின்றுவிட்டான். மகிழினி அப்பாவைப் பார்த்தாள். அவருடைய வலது கை முழங்காலிலிருந்து எழுந்தது, நின்றது, மறுபடி முழங்காலுக்கே போனது. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் உயிர். நடுவில் நெய் ஊற்றிய ஒப்புட்டு.

அந்த நேரம் பார்த்து மப்ளருக்குள்ளிருந்து குரல் வந்தது. மனிதனின் உடம்பு சாப்பாட்டைப் பார்த்ததுமே, வாசம் பிடித்ததுமே, சர்க்கரையைக் கையாளத் தயாராகிவிடும். பட்டை அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"எச்சரிக்கை. உணவு அருகில் உள்ளது."

"ஆரு பேசறது?" என்றார் லோகநாயகி.

"போனுங்க," என்றார் அண்ணன்.

"தங்கள் இதயக் குழாயின் இரண்டு அடைப்புகளைக் கருதி, தயவுசெய்து எழுந்து செல்லவும்," என்றது போன்.

இரண்டு வரிசையும் அண்ணனின் சட்டைக்கையைப் பார்த்தது. சசிரேகா கண்களை மூடிக்கொண்டார். அண்ணன் மெதுவாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கையை மடித்து, மப்ளரை அவிழ்த்தார். பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது.

"எனக்கு நோவுங்க. என் புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார்.

லோகநாயகி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஏனுங்கண்ணா, நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்த வாசத்தையே உங்க மூக்குக்குக் காட்டியிருக்க மாட்டனே. நோவு ஆருக்கு வரலை? மறைச்சுக்கிட்டு வந்து உக்காந்தீங்களே, அதுதானுங்க எனக்குச் சங்கடம்."

"சொன்னா வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்களோன்னு..."

"நான் இங்க நீங்க வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்களோன்னு பயந்துக்கிட்டு நிக்கறன்!"

இது நான் பேச வேண்டிய இடம். எழுந்து, குழாய்ச்சுவரிலிருந்து பவுண்டரி வரை முழுவதையும் சொன்னேன். காலையிலிருந்து வாயில் அடக்கிவைத்திருந்தது. லோகநாயகி ஒரு வரி விடாமல் கேட்டார்.

"சரிங்க டாக்டர். ஆனா போட்ட இலையைத் தொடாம எடுத்தா எங்கூட்டுல ஆரும் ஒத்துக்க மாட்டாங்க. எனக்கே மனசு வராது."

வரிசையின் கடைசியில் யாரோ, "வெறுந்தண்ணியில கையை நனைச்சுட்டு நனைச்சாச்சுன்னு சொல்லிரலாமுங்களே," என்றார்.

"அது உங்கூட்டு வழக்கமாக்கும்?" என்றார் லோகநாயகி. கடைசி ஆள் தலையைக் குனிந்துகொண்டார். லோகநாயகி என் பக்கம் திரும்பினார். "டாக்டர், வயித்தைக் காயப்போடறது ஒண்ணுதான் வழியா? அந்தச் செல்லுக்கு வேற எதுவுமே புரியாதா?"

நல்ல கேள்வி. நான் சந்தோஷத்தில் கொஞ்சம் துள்ளினேன் என்று பிறகு மகிழினி சொன்னாள்.

"புரியுமுங்க! ரத்தம் வேகமா, ஒரே சீரா உரசிக்கிட்டு ஓடுனா அந்த உரசலே செல்லை எழுப்பி விடும். குழாய் பிரியற மொனையில ரத்தம் சுழிச்சுக்கிட்டுத் தேங்கும். அடைப்பு பெரும்பாலும் அங்கதான் வரும், ஏன்னா அங்க இந்த உரசல் இல்லை. அதனால ஒரு வாய் சாப்பிட்டதும் வேகமா நடந்தா, சுத்தம் பண்றது நிக்காமப் போக வாய்ப்பு இருக்குது."

"நிச்சயமாவா?" என்றார் அண்ணன்.

"எலிக்கு நிச்சயமுங்க."

"நான் எலிங்களா டாக்டரே?"

"தின்னற விசயத்துல எலிதான்," என்றார் சசிரேகா. ஆனால் அவர் கை அண்ணனின் தோளைப் பிடித்திருந்தது. "வேண்டாமுங்க. எலியை நம்பி நீங்க தின்ன வேண்டாம்."

"அப்பா, வேண்டாம்," என்றாள் மகிழினி. "இந்தக் கல்யாணம் இல்லைன்னா இல்லை. எந்திரிங்க, போலாம்." அவள் அதியனைப் பார்க்காமல் சொன்னாள். அதனாலேயே அவள் மனம் எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணன் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பர்னஸ் அணையறதுக்குள்ள எத்தனை நேரம் கெடைக்குமுங்க?" என்றார்.

"கொஞ்சந்தான்."

அவர் ஒப்புட்டைக் கிள்ளி வாயில் போட்டார். ஒரு வாய் என்று பேச்சு. ஆனால் பல நாள் பகலெல்லாம் பட்டினி கிடந்த மனிதரின் கை இன்னொரு முறை இலைக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன்.

பட்டை மஞ்சளானது. "துப்புரவுப் பணி தளர்கிறது."

"நடங்ணா!" என்று கத்தினேன்.

அண்ணன் எழப்போனார். பாதியில் அப்படியே நின்றார். "பந்தியில ஒருத்தன் மட்டும் எப்படிங்க எந்திரிக்கறது? நான் எந்திரிச்சா எல்லாருமல்லவா எந்திரிக்கோணும்? பசியோட உக்காந்திருக்காங்களே!"

உயிர் போகும்போதும் பந்தி மரியாதை. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். "துப்புரவுப் பணி மேலும் தளர்கிறது," என்றது பட்டை.

லோகநாயகி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அதிகாரக் குரல் திரும்பி வந்தது.

"எல்லாரும் எந்திரிங்க! இலையைக் கையில எடுத்துக்குங்க! ஏனுங்க, நீங்க மச்சானோட முன்னால போங்க, ஊட்டுக்கு வந்த ஒறம்பரையைத் தனியா நடக்க உடக்கூடாது. அதியா, வாளியைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வா!"

அன்று அந்தத் தென்னந்தோப்பில் நடந்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. முன்னால் மடித்த சட்டைக்கையோடு பூபதிராஜ் அண்ணன். அவர் நடைக்கு ஈடுகொடுக்க, குட்டையான தேவானந்த் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் உறவினர் கூட்டம், இடது உள்ளங்கையில் இலையை ஏந்தி, வலது கையால் அரிசிம்பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டு. வாய்க்காலைத் தாண்டும்போது ஒருவருடைய கச்சாயம் தண்ணீரில் விழுந்தது. "அதை உடுங்க, வேற போடறாங்க!" என்று பின்னாலிருந்து சத்தம். அதியன் ரச வாளியோடு மரத்துக்கு மரம் ஓடினான். மகிழினி வாளியின் கைப்பிடியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அவனோடு ஓடினாள். நான் அண்ணனின் மேற்கையைப் பார்த்தபடியே பக்கத்தில் ஓடினேன்.

மஞ்சள். தோப்பின் கிழக்கு வேலி வரை மஞ்சள். திரும்பும்போதும் மஞ்சள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா, ஒரே சீரா," என்றேன். சசிரேகா மறுபக்கம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கிணற்றடியைக் கடக்கும்போது விளக்கு மினுங்கியது.

பச்சை.

"வணக்கம். தங்கள் குழாய்ச்சுவரில் துப்புரவுப் பணி இனிதே நடைபெறுகிறது."

"என் தங்கமே!" என்று அண்ணன் பட்டைக்கு முத்தம் கொடுத்தார்.

எங்கேயோ பின்னாலிருந்து லோகநாயகியின் குரல் கேட்டது. "ஏனுங்கண்ணா, கை நனைச்சாச்சுங்களா?"

"நனைச்சாச்சுங்க தங்கச்சி!"

மண்டலம் முடிந்து பார்த்தபோது அண்ணனின் குழாய்ச்சுவர் வழுவழுவென்றிருந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. நான் இதை ஒரு மருத்துவக் கட்டுரையாக எழுதினேன். யாரும் படிக்கவில்லை. ஆனால் அன்று இலையோடு நடந்தவர்கள் தங்கள் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போனார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் நடந்தார்கள். ஊசி போட்டவர் இருந்தால் நடப்பது என்றிருந்தது, யார் போட்டிருப்பாரோ தெரியாது, எல்லோரும் நடந்துவிடலாம் என்று ஆனது. சில வருடங்களில், சம்பந்தம் பேசிய வீட்டில் இலையை ஏந்தித் தோப்பைச் சுற்றினால்தான் சம்மதம் என்று ஆகிவிட்டது. தோப்பு இல்லாதவர்கள் மொட்டை மாடியைச் சுற்றினார்கள். ஏன் நடக்கிறோம் என்று கேட்டால், நடந்தால் வம்சம் நீளும் என்றார் ஒருவர். சோறு ஜீரணமாக என்றார் இன்னொருவர். நம் முன்னோர் வகுத்தது என்றார்கள் மற்றவர்கள்.

இதற்கிடையில் ஊசியும் மாறிவிட்டது. இப்போது வருகிற ஊசிக்குப் பட்டினியும் வேண்டாம், நடையும் வேண்டாம், பேசுகிற பட்டையும் வேண்டாம்.

போன வாரம் சூலூரில் என்னிடம் வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மாவின் வீட்டில் அவர் மகளுக்குச் சம்பந்தப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் எனக்கு வேண்டியவர்கள் என்பதால் என்னையும் அவர்களோடு கூட்டிப் போயிருந்தார்கள். முதல் நாள்தான் என் கணுக்கால் பிசகியிருந்தது. கட்டுப் போட்டிருந்தேன். எல்லோரும் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

படியில் கால் வைத்த அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க டாக்டர், உக்காந்துட்டீங்க?"

"கால் பிசகிருச்சும்மா."

"பரவால்லீங்க," என்றார். பிறகு உள்ளே திரும்பித் தாழ்ந்த குரலில் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. "கால் வலின்னு சொல்றாரு. டாக்டருக்கு நம்ம சம்பந்தம் புடிக்கலையாட்ட இருக்குது."

"அம்மா, அப்படி இல்லீங்க. இந்த நடை எப்படி வந்துச்சுன்னா, குழாய்ச்சுவர்ல ஒரே ஒரு செல் தடிமன்ல ஒரு பூச்சு..."

அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. மாடியில் எல்லோருடைய காலடிச் சத்தமும் நின்றுபோயிருந்தது. மணப்பெண் படியின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

நான் இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒற்றைக் காலில் முதல் படி ஏறினேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

"ரசம் கொண்டாங்க! டாக்டர் நடக்கறாரு!"